போடாத ஐம்பத்தேழு ஊசிகளைப் போடாதவை என்றே பதியக் கோரும் மனு

அனுப்புநர்:
விரிவுரையாளர், சமூக நலவாழ்வுத் துறை,
உடல்நல அறிவியல் கல்லூரி,
முதல் மாடி, நூலகத்துக்கு எதிர் அறை.

பெறுநர்:
தடுப்பூசித் திட்ட அலுவலர் அவர்கள்,
தடுப்பூசித் திட்ட அலுவலகம்.

பொருள்: எச்.பி.வி. தடுப்பூசி – எங்கள் கல்லூரி நூறு சதவீதம் அடைந்ததாக உள்ள பதிவை ரத்து செய்து, பதினொரு சதவீதம் எனத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் கல்லூரிக்குத் தாங்கள் அனுப்பிய பாராட்டுச் சான்றிதழ். 2. அது தவறு என்று நான் அனுப்பிய மின்னஞ்சல். 3. தவறில்லை என்று தங்கள் அலுவலகம் அளித்த பதில். 4. திருப்பி அனுப்பப்பட்ட ஐம்பத்தேழு உறுதிமொழிக் கடிதங்கள்.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

1. கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அறுபத்து நான்கு பேரும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டதாகத் தங்கள் கணினியில் பதிவாகியிருக்கிறது. உண்மையில் போட்டுக்கொண்டவர்கள் ஏழு பேர். மீதி ஐம்பத்தேழு ஊசிகள் எங்கள் மருந்தகக் குளிர்பெட்டியில் இருக்கின்றன. அவற்றை எடுத்துச் செல்ல இம்மாதம் 19-ஆம் தேதி தங்கள் வண்டி வருகிறது. அதற்குள் பதிவைத் திருத்தித் தர வேண்டும். இதை முதல் பத்தியிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பதினெட்டு ஆண்டுகளாக விடைத்தாள் திருத்துகிறேன். நாற்பதாவது தாளுக்கு மேல் முதல் பத்தியைத் தாண்டுவது எவ்வளவு சிரமம் என்பதை அறிந்தவள். இது தங்களுக்கு இன்றைய நாற்பதாவது மனுவாக இருந்தால், இத்துடன் நிறுத்திக்கொண்டு உத்தரவில் கையொப்பமிட்டாலும் எனக்குச் சம்மதமே. நேரமிருந்தால் நடந்ததைக் கேட்டருள வேண்டும்.

2. இந்த மாணவர்களுக்கு விவரம் போதாது என்று தாங்கள் தயவுசெய்து எண்ணிவிடக் கூடாது. செவிலியம், ஆய்வகத் தொழில்நுட்பம், பிசியோதெரபி ஆகிய மூன்று பிரிவினரும் சேர்ந்து படிக்கும் வகுப்பு இது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான இந்த எச்.பி.வி. வைரஸ் எப்படிப் பரவுகிறது, எத்தனை ஆண்டுகள் சத்தம் காட்டாமல் இருக்கிறது, எந்த வயதில் ஊசி போட்டால் பலன் அதிகம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சென்ற தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாக இதையே கேட்டிருந்தேன். ஐம்பத்தொரு பேர் முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஒருவர் கேட்காத படத்தையும் வரைந்து, வண்ணம் தீட்டி, அம்புக்குறி போட்டிருந்தார்.

3. அவர்கள் தெருத்தெருவாகப் போய்ப் பிரச்சாரமும் செய்தார்கள். கையில் பலகை, கழுத்தில் அடையாள அட்டை, கடை வாசல்களில் நின்று பத்து நிமிடப் பேச்சு. நானும் உடன் போயிருந்தேன். காய்கறிக் கடைக்கார அம்மா ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேசிய மாணவியிடம், "எல்லாம் சரிம்மா, நீ போட்டுக்கிட்டியா?" என்றார். மாணவி கொஞ்சமும் தயங்காமல், "நாங்க மெடிக்கல் லைன், ஆன்ட்டி" என்றார். அந்த அம்மாவுக்கு அது போதுமான பதிலாக இருந்தது. எனக்கும் அன்று போதுமானதாக இருந்தது என்பதை வெட்கத்துடன் குறிப்பிடுகிறேன். வைரஸுக்கும் அது போதுமானதா என்று திரும்பி வரும் வழியில்தான் தோன்றியது.

4. மறுநாள் வகுப்பில் கேட்டேன். ஊசி போட்டுக்கொண்டவர் ஒருவரும் இல்லை. காரணங்களை எழுதித் தரச் சொன்னேன். "பரீட்சை முடியட்டும்" என்று பத்தொன்பது பேர். "வீட்டுல எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது" என்று பதினாறு பேர். அன்று காலையில்தான் வார்டில் ஒன்பது நோயாளிகளுக்கு ஊசி போட்டுவிட்டு வந்த ஒரு செவிலிய மாணவி, "ஊசின்னா எனக்குப் பயம் மேடம்" என்று எழுதியிருந்தார். பையன்கள் பக்கமிருந்து, "எனக்குக் கருப்பையே இல்லையே மேடம்" என்று ஒரு குரல் வந்தது. தொண்டை இருக்கிறதல்லவா, அங்கேயும் இந்த வைரஸ் புற்றுநோய் உண்டாக்கும் என்று நான் தேர்வுக்கு நடத்திய பாடத்தையே நினைவூட்டினேன். அவர் தன் தொண்டையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

5. அதன் பிறகுதான் தங்கள் திட்டத்தின் கீழ் அறுபத்து நான்கு ஊசிகள் கேட்டு எழுதினேன். இருபத்தொரு வயது நிறையாதவர்களுக்கு இலவசமாக ஒரே ஊசி என்ற ஏற்பாட்டின்படி உடனே அனுப்பி உதவினீர்கள். அதற்கு நன்றி. முகாமுக்குக் கூட்டம் வராதோ என்ற பயத்தில், ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அன்று மதியம் விடுமுறை என்று அறிவித்தவள் நான். முதல்வர் யோசித்தார். நான்தான் வற்புறுத்தினேன். இந்த மனுவில் வேறு யார்மேல் குற்றம் வந்தாலும், இந்தப் பத்தியைத் தாங்கள் மறந்துவிடலாகாது.

6. இங்கே எங்கள் வகுப்பின் வழக்கம் ஒன்றை விளக்க வேண்டியிருக்கிறது. வருகைப் பதிவுத் தாள் வரிசை வரிசையாகச் சுற்றி வரும். வராதவருக்கு வந்தவர் கையெழுத்திடுவார். எல்லாக் கல்லூரிகளிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் வகுப்புத் தலைவி இதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார். மாணவர்கள் அவரைத் 'தலைவி' என்றே அழைப்பதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் கையெழுத்து அவருக்கு வரும். சாய்வு, சுழி, அடியில் போடும் கோடு எல்லாம் அவரவருக்கு உரியபடி இருக்கும். தன் கையெழுத்தை மட்டும் சற்று அவசரமாகப் போடுவார். அவர் கெட்டிக்காரர், நல்ல பெண்ணும்கூட. யாரையும் 'வரவில்லை' ஆக விட அவருக்கு மனம் வராது. இந்த வழக்கம் எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். எட்டு மணி வகுப்பில் இருபது தலைகளைப் பார்த்துவிட்டு ஐம்பது கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு போன காலைகள் பல உண்டு. கேட்டால் வகுப்பு கெடும், கேட்காவிட்டால் மனம் கெடும் என்ற நிலையில் பெரும்பாலும் மனத்தைத்தான் கெடவிட்டேன்.

7. முகாம் நூலகத்தில் நடந்தது. அங்கேதான் எல்லா மின்விசிறிகளும் ஓடும். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் பதிவேடு. கையெழுத்திட்டுவிட்டுப் புத்தக அலமாரிகளைக் கடந்து உள்ளறைக்குப் போனால் கல்லூரிச் செவிலியர் ஊசியுடன் காத்திருப்பார். முதலில் கையெழுத்து, பிறகு ஊசி என்ற இந்த முறை தங்கள் அலுவலக வழிகாட்டியின் மூன்றாம் பக்கத்தில் உள்ளது. அலமாரிகளுக்கு நடுவே பின்கதவு ஒன்று இருப்பது அந்த வழிகாட்டியை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

8. வாசலில் அப்படி ஒரு கூட்டத்தை நான் எந்த முகாமிலும் கண்டதில்லை. முந்தைய நாள் ஐம்பது நிமிடம் பேசியிருந்தேன். பேச்சு வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மேசையருகில் நின்று புகைப்படம்கூட எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் எனக்குப் பின்னால் தலைவி குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார், மிகுந்த கவனத்துடன். வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் அவரே கையெழுத்துப் போட்டுவிட, வந்தவர்கள் பின்கதவு வழியே நழுவியிருக்கிறார்கள். பன்னிரண்டரை மணிக்கு வகுப்பு காலி. உள்ளறைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் நால்வர் பயந்துகொண்டேயானாலும் வந்தவர்கள். இருவர் பின்கதவு பற்றி அறியாதவர்கள். ஏழாமவர், தனக்குக் கருப்பை இல்லை என்று சொன்ன அதே பிசியோதெரபி மாணவர். அவர் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்து, வரிசை அதற்குத்தான் என்று நினைத்து நின்றிருக்கிறார். செவிலியர் விவரம் சொன்னதும் சற்று யோசித்துவிட்டு, "வந்தது வந்துட்டேன், போட்டுவிடுங்க சிஸ்டர்" என்று சட்டைக் கையை மடித்தாராம். இன்று எங்கள் கல்லூரியில் ஊசி போட்டுக்கொண்ட ஒரே ஆண் அவர்தான். அதை அவர் சொல்லாத நாளில்லை. புத்தகத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நூலகர் கூறுகிறார்.

9. மாலையில் இரண்டு தாள்கள் இரண்டு பக்கம் போயின. பதிவேடு அலுவலகக் கணினிக்குப் போய் அறுபத்து நான்கு என்று ஏறியது. செவிலியரின் சீட்டு மருந்தகத்துக்குப் போய் ஏழு செலவு, ஐம்பத்தேழு இருப்பு என்று ஏறியது. இரண்டு அறைகளுக்கும் நடுவே இருபது அடி தூரம். அந்த இருபது அடியை இரண்டு வாரமாக எந்தத் தாளும் கடக்கவில்லை. அதற்குள் தங்கள் பாராட்டுச் சான்றிதழ் வந்து, கண்ணாடி போட்டு, முதல்வர் அறையில் மாட்டப்பட்டுவிட்டது. அதைத் திருப்பித் தரச் சித்தமாக இருக்கிறோம். ஆணி மட்டும் எங்களுடையது.

10. இனி நான் இந்த மனுவை எழுதக் காரணமான மாணவியைப் பற்றி. அவர் செவிலியப் பிரிவு. வகுப்பில் எல்லோரும் அவரைப் 'பெரியம்மா' என்று கூப்பிடுவார்கள். வயது இருபதுதான். பையில் எப்போதும் குடை, ஊக்கு, தலைவலி மாத்திரை, இன்னொருவருக்கும் சேர்த்து ஒரு பேனா வைத்திருப்பார். மழைக் காலத்தில் ஈரத் தலையுடன் வருபவர்களைத் திட்டுவார். அதனால் வந்த பெயர். முகாமன்று பெரியம்மா கல்லூரிக்கு வரவில்லை. அன்று தன் அம்மாவைக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அழைத்துப் போயிருந்தார். அந்த அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். தாமதமாகத் தெரிய வந்தது. அவருக்கு என் வயது.

11. வகுப்பில் யாருக்கும் இது தெரியாது. அம்மாவுக்கு "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். ஆகவே தலைவி அன்று வழக்கம்போல் வராத தோழிக்கும் ஒரு கையெழுத்துப் போட்டார். பெரியம்மாவின் கையெழுத்தில் கடைசி எழுத்துக்கு ஒரு வால் உண்டு. அந்த வாலும் சரியாக வந்திருந்தது.

12. இரண்டு வாரம் கழித்துப் பெரியம்மா ஒப்புதல் படிவத்தை நிரப்பிக்கொண்டு கல்லூரி மருத்துவ அறைக்குப் போனார். அங்கு நடந்ததைச் செவிலியர் என்னிடம் சொன்னபடியே தருகிறேன். கணினியில் எண்ணைத் தட்டியதும், 'பயனாளி ஏற்கெனவே தடுப்பூசி பெற்றுவிட்டார்' என்று வந்திருக்கிறது. "எனக்குப் போடலையே சிஸ்டர்" என்றாராம் பெரியம்மா. "நீ போடலைன்னு எனக்குத் தெரியும்மா. போடுறவளே நான்தானே. ஆனா நீ போட்டுக்கிட்டேன்னு இது சொல்லுது" என்றாராம் செவிலியர். இருவரும் மருந்தகத்துக்குப் போனார்கள். மருந்தாளுநர் ஐம்பத்தேழு குப்பிகளையும் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து காட்டினார். "கம்ப்யூட்டர் நம்பர் இல்லாம ஒரு குப்பி வெளிய வராது, தங்கச்சி. நான் கொடுத்தா என் வேலை போயிடும்" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. மூவரும் கொஞ்ச நேரம் அந்தக் குளிர்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பிறகு மருந்தாளுநர், கதவு திறந்திருந்தால் குளிர் போய்விடும் என்று சாத்திவிட்டார்.

13. ஏழு பேருக்குத்தான் போட்டோம் என்பதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று செவிலியரைக் கேட்டேன். "சீட்டுல ஏழுன்னு எழுதித்தானே கொடுத்தேன். அதுக்கப்புறம் என்னை யாரு கேட்டா?" என்றார். யாரும் கேட்கவில்லைதான். நானும் கேட்கவில்லை. கூட்டத்தைக் கண்ணால் பார்த்தவளுக்கு எண்ணிப் பார்க்கும் எண்ணம் வரவில்லை.

14. வகுப்பில் விசாரித்தேன். நடந்ததைச் சொன்னேன். தலைவிதான் எழுந்தார். "எல்லாருக்கும் போட்ட மாதிரி அவளுக்கும் போட்டேன் மேடம். நல்லதுன்னு நினைச்சுத்தான்" என்றார். பெரியம்மா அவரைப் பார்க்காமல், தன் அம்மாவுக்கு என்ன நோய் என்பதை முதல் முறையாக வகுப்பில் சொன்னார். இரண்டே வாக்கியம். வகுப்பறையில் பிசியோதெரபி எலும்புக்கூடு ஒன்று நிற்கும், அதுவரை எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதையும் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தார்கள். நான் என் வழக்கப்படி பேச ஆரம்பித்தேன். தெரிந்து வைத்திருப்பது வேறு, செய்வது வேறு என்று நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போது பெரியம்மா, மரியாதை குறையாமல், "மேடம், நீங்க கடைசியா எப்ப கருப்பைவாய்ப் பரிசோதனை பண்ணிக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

15. அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இந்த மனுவிலும் பதிவு செய்கிறேன்: பண்ணிக்கொண்டதே இல்லை. முப்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு பெண்ணும் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்துகொள்ள வேண்டும் என்று பதினெட்டு ஆண்டுகளாகப் பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டவள் நான். கேட்டால் நானும் ஏதோ மெடிக்கல் லைன் என்றுதான் சொல்லியிருப்பேன். சென்ற வியாழக்கிழமை போய்ச் செய்துகொண்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதை ஏன் இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டேன் என்று வெளியே வந்து பேருந்துக்கு நிற்கையில் யோசித்தேன். எனக்குக் கிடைத்த காரணங்கள், நான்காம் பத்தியில் என் மாணவர்கள் எழுதிக் கொடுத்தவற்றைவிட ஒன்றும் மேலானவையாக இல்லை. அந்தத் தாள்களில் என் பெயரையும் சேர்த்துவிட்டேன்.

16. இதற்கிடையே தங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று நாளில் பதில் வந்தது. அந்த வேகத்துக்கு நன்றி. கல்லூரி நூறு சதவீதம் அடைந்துவிட்டதால் மேற்கொண்டு ஊசிக்குத் தேவை எழவில்லை என்றும், இருப்பிலுள்ள ஐம்பத்தேழு ஊசிகள் மிகையாக வழங்கப்பட்டவை என்பதால் 19-ஆம் தேதி திரும்பப் பெறப்படும் என்றும் அதில் இருந்தது. தங்கள் அலுவலகத்தார் கணக்கில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அறுபத்து நான்கு வந்து, அறுபத்து நான்கும் செலவாகி, பிறகும் ஐம்பத்தேழு மீந்திருக்கிறது என்றால், அப்படிப்பட்ட பாத்திரம் ஒன்று என் சமையலறைக்கும் கிடைக்குமா என்று என் கணவர் கேட்கச் சொன்னார்.

17. மேல்முறையீடாக, ஊசி போட்டுக்கொள்ளாத ஐம்பத்தேழு பேரிடமும் தனித்தனி உறுதிமொழிக் கடிதம் வாங்கி அனுப்பினேன். 'நான் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, பதிவேட்டில் உள்ளது என் கையெழுத்தல்ல' என்று ஒவ்வொருவரும் என் கண் முன்னால் தாமே எழுதிக் கையொப்பமிட்டார்கள். தலைவி மட்டும், தன்னுடையது அவசரத்தில் போட்ட கையெழுத்து என்று எழுதினார். முழு வகுப்பும் தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டதை அன்றுதான் பார்த்தேன். இரண்டு பேர் எப்படிப் போடுவது என்று சற்றுத் தடுமாறினார்கள். அந்த ஐம்பத்தேழு கடிதங்களும் ஒரே உறையில் திரும்பி வந்துவிட்டன. 'மனுதாரர்களின் கையொப்பம் பதிவேட்டிலுள்ள கையொப்பத்துடன் ஒத்துப்போகவில்லை. எனவே ஏற்க இயலாது' என்று மேலே குறிப்பு.

18. ஐயா, கையொப்பம் ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் நாங்களும் பணிவுடன் சொல்லி வருகிறோம். அதுவே எங்கள் முழு வழக்கு. தங்கள் அலுவலகத்தில் ஐம்பத்தேழு கையெழுத்துகளையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்த அந்த எழுத்தர், எங்கள் தரப்புச் சாட்சியத்தை எங்களைவிட நன்றாக நிரூபித்துவிட்டு, அதையே காரணம் காட்டித் தள்ளுபடி செய்திருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. இந்த விவகாரத்தில் எண்ணிச் சரிபார்த்த முதல் ஆள் அவர்தான்.

19. குறிப்பைப் படித்த அன்று மாலை தலைவி என் அறைக்கு வந்தார். கதவருகில் நின்றபடியே, "மேடம், கடிதத்தை எல்லாம் குடுங்க. பதிவேட்டுல இருக்கிற மாதிரியே போட்டுத் தரேன். ஒத்துப்போகணும், அவ்வளவுதானே?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. தான் கெடுத்ததைத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சரிசெய்யப் பார்த்தார். நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. ஒரே ஒரு கடிதம், பெரியம்மாவுடையது மட்டும் என்று மனத்தில் கணக்குப் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஊசி கிடைத்துவிடும், யாருக்கும் தெரியாது. மேசைமேலிருந்த பேனாவை நகர்த்திக்கூட வைத்தேன்.

20. பெரியம்மா வெளியே வராந்தாவில்தான் இருந்திருக்கிறார். உள்ளே வந்து, "வேண்டாம்டி. நீ எனக்காக ஒரு தடவை போட்டதாலதான் இங்க நிக்கிறேன். திரும்பவும் போடாத" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க மனு எழுதுங்க மேடம். நீங்க நல்லா எழுதுவீங்க, கொஞ்சம் நீளமா எழுதுவீங்க, அவ்வளவுதான்" என்றார். ஆகவே எழுதுகிறேன். நீளத்துக்கு மன்னிக்கவும்.

21. பெரியம்மாவுக்கு இம்மாதம் 24-ஆம் தேதி இருபத்தொரு வயது நிறைகிறது. அதன் பிறகு தங்கள் திட்டத்தில் அவருக்கு இடமில்லை. வெளியே வாங்கிப் போட்டுக்கொள்ளும் வசதி அந்த வீட்டில் இப்போது இல்லை. 19-ஆம் தேதி வண்டி வந்து போய்விட்டால், இந்த நோய் என்ன செய்யும் என்பதை எங்கள் எல்லோரையும்விட அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெண், அதற்கான ஊசி போட்டுக்கொண்டவர் என்ற பதிவுடன், ஊசியில்லாமல் இருப்பார். தங்கள் கணினிப்படி அவருக்கு எந்தக் குறையும் இருக்காது.

22. எனவே கீழ்க்கண்டவற்றைச் செய்து உதவ வேண்டுகிறேன். எங்கள் கல்லூரியின் பதிவை ஏழு பேர், அதாவது பதினொரு சதவீதம் என்று திருத்த வேண்டும். இதனால் தங்கள் மொத்தக் கணக்கு சற்று இறங்கும் என்பதை அறிவேன், பொறுத்தருள்க. வண்டி வரும் 19-ஆம் தேதியை, ஊசிகளைத் திரும்பப் பெறும் நாளாக அல்லாமல், போடும் நாளாக மாற்றித் தர வேண்டும். ஊசி போட்ட பிறகே கையெழுத்து என்று வழிகாட்டியின் மூன்றாம் பக்கத்தைத் திருத்தினால் மற்றக் கல்லூரிகளுக்கும் உதவியாக இருக்கும். தலைவிமேல் நடவடிக்கை எடுப்பதானால், அறிந்தும் பல ஆண்டுகள் பேசாமல் இருந்த என்மேலும் சேர்த்தே எடுக்க வேண்டும். மதியம் விடுமுறை இம்முறை கிடையாது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

23. இவை அனைத்தையும் 19-ஆம் தேதிக்குள் முடிப்பது கடினம் என்று தங்கள் அலுவலகத்தார் கருதினால், அன்று ஒரே ஒரு எண்ணை மட்டுமாவது கணினியில் திறந்து தருக. எந்த எண் என்பதைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். மற்ற ஐம்பத்தாறு பேருக்காக இன்னொரு மனு எழுத எனக்குத் தெம்பு இருக்கிறது.

24. அந்த ஐம்பத்தாறு பேரும் வருவார்களா என்று கேட்டால், உறுதியளிக்க மாட்டேன். நூறு சதவீதம் என்று ஒருமுறை உறுதியளித்துப் பார்த்தாகிவிட்டது. இன்று காலை வரை முப்பத்தொரு பேர் ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். முப்பதாவது தலைவியுடையது. முப்பத்தொன்றாவது, ஊசிக்குப் பயப்படும் அந்தச் செவிலிய மாணவியுடையது. பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள அனுமதி உண்டா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறார். உண்டு என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு படிவத்திலும் இருப்பது அவரவர் கையெழுத்து. ஒன்றுகூட இன்னொன்றைப் போல் இல்லை. இரண்டு மூன்று மிக மோசமாகவே இருக்கின்றன. அவற்றை எண்ணிப் பார்த்தேன், இரண்டு முறை. முப்பத்தொன்றுதான்.

தங்கள் வண்டியை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
விரிவுரையாளர், சமூக நலவாழ்வுத் துறை

இடம்: கல்லூரி ஆசிரியர் அறை
நாள்: 10-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை